ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுங்கள்

புதிதாக நம் சட்ட உதவி அலுவலகத்தில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். மனு எப்படி எழுதுவது, எந்த அதிகாரிக்கு எந்தத் தாள் போக வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேறு ஆள்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். தோட்டத்து ஆபீசில் தூக்கிப்போட்ட தட்டச்சு இயந்திரத்தில் விரல் பழகி, ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அவர் பேசுவதைத் தட்டித் தட்டியே சட்டம் கற்றுக்கொண்டு, அவரோடு இந்த அலுவலகத்துக்கு வந்தேன். "படிச்ச படிப்பு கண்ணு வழியா வரும், பட்ட படிப்பு முதுகு வழியா வரும்" என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். எனக்குப் பெரும்பாலும் காது வழியாக வந்தது. ஆகையால் காதில் விழுந்ததைத்தான் சொல்ல முடியும். அதுவும் ஒரே ஒரு ஆளைப் பற்றி.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. அதன் பெயர் வேண்டாம். பெயர் அவ்வப்போது மாறும், பல் மாறாது. அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஒருவரை அவருடைய ஊரிலிருந்து பிடுங்கி நாட்டின் இன்னொரு மூலையில் கொண்டுபோய் வைக்கலாம். விசாரணை கிடையாது. நீதிபதி ஏன் என்று கேட்க முடியாது. தேதி சரியா, முத்திரை சரியா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்கு முன்னால் லாக்கப்பில் நடந்ததைக் கேட்கவும் ஆளில்லை, ஏனென்றால் வழக்கே இல்லை. வழக்கு என்று ஒன்று இருந்தால்தானே சாட்சி, காயம், டாக்டர் எல்லாம் வரும். அடித்தவனுக்கு இதைவிட நல்ல குடை எங்கே கிடைக்கும்.

அந்தச் சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் எழுதியிருக்காது. ஆனால் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது வெளியே தள்ளப்பட்டு, ஆற்றோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் பலகை வீடு கட்டிக் குடியேறினார்களே நம் ஆள்கள், அந்தச் சந்துகளுக்குப் போகும் வழி அதற்கு நன்றாகத் தெரியும். டவுனில் ஒரு மோட்டார் சைக்கிள் காணாமல் போனால் போலீஸ் லோரி முதலில் வந்து நிற்பது அங்கேதான். அந்தச் சந்து ஒன்றில் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "மழை எல்லார் வீட்டு மேலயும்தான்கா பெய்யுது. ஒழுகுறது நம்ம கூரை."

அப்படிப் பிடுங்கப்பட்டவர்களுக்கு "புவாங்" என்று பெயர். மலாயில் தூக்கி எறிவது என்று பொருள். குப்பைக்கும் அதே சொல்தான். எறியப்பட்டவர்களில் சிலர் கேமரன் மலையில் வந்து விழுந்தார்கள். அடிவாரத்துத் தாப்பாவில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர்களைப் பார்த்து வருவது என் வேலை.

முதல் தடவை மலைக்கு என்னை அழைத்துப் போனவர் என் வழக்கறிஞர். பெரியவர் என்றே சொல்லிப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ரிங்லெட் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீட்டில் ஓர் அறையில் செல்வம் என்பவர் இருந்தார். கடலோரப் பக்கத்து ஆள். திருட்டுக் கும்பலில் சேர்ந்தவர் என்று யாரோ சொன்னதாக யாரோ எழுதி, அதன்மேல் கையெழுத்தாகி இங்கே வந்து சேர்ந்தவர். மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. வாரா வாரம் திங்கட்கிழமை, தோட்டத்துக்குள்ளேயே இருந்த போலீஸ் ஸ்டேசனில் போய் நிற்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் வாசல்படி தாண்டக்கூடாது. தோட்டத்தில் ஒப்பந்தத்துக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுவரோரமாக நகர்ந்து, இடது பக்கம் சுவர் இருக்கிறமாதிரி உட்கார்ந்தார். எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தான் உட்காருவார் என்பது பிறகு தெரிந்தது. இடது காது கேட்காது. லாக்கப்புக்குப் போகும்முன் கேட்டுக்கொண்டிருந்த காது.

நான் கேள்விகளைத் தயாராக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எத்தனை பேர் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், யூனிபார்மில் பெயர் இருந்ததா. பெரியவர் அதை நாங்கள் வந்த காடியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். செல்வம் கொடுத்த கடுங்காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வாரத்துல எந்த நாள் உங்களுக்கு ஆகாது, செல்வம்?"

ஸ்டேசனுக்குப் போகிற திங்கட்கிழமையைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை."

லயத்தில் பாதி வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள். ஞாயிறு காலையில் அவர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்விடுவார்கள். மீதி வீடுகளில் நம் ஆள்கள். அவர்கள் ஈப்போவில் கல்யாணம், தாப்பாவில் காது குத்து என்று விடியும்முன்னே கிளம்பிவிடுவார்கள். பஸ் சத்தம் வளைவில் மறைந்ததும் லயத்தில் ஒரு சத்தமும் இருக்காதாம். "ஒரு காது வேற இல்லையா சார், பாதிச் சத்தம்கூட வராது" என்று சொல்லிச் சிரித்தார். நாய்கள்கூட அன்றைக்கு எங்கேயோ போய்விடும் என்றார். திங்கட்கிழமை பரவாயில்லை, ஸ்டேசனிலாவது யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றார்.

திரும்பும் வழியில் ரிங்லெட்டில் மாமாக் கடையில் ஒரு கிளாஸ் தே குடிக்கும்போது பெரியவர் சொன்னார்: "அடியைப் பத்திக் கேட்டா அடியைச் சொல்வாங்க. ஆகாத நாளைக் கேட்டா ஆளைச் சொல்வாங்க." இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். உபயோகப்படுத்திப் பாருங்கள், தானாக நினைவில் நிற்கும்.

செல்வத்தை லயத்தில் யாரும் முதலில் சேர்க்கவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் அவர் வரும் பாதையைப் பார்த்து வேறு பாதையில் இறங்குவார்கள். அவருக்குப் பெயரே கிடையாது, புவாங்காரன்தான். மாரியம்மன் கோயில் தலைவர் ஒரு பழைய கங்காணி. வேலையிலிருந்து நின்று பல காலமாகியும் பட்டம் மட்டும் நிற்கவில்லை, எல்லாருக்கும் அவர் கங்காணிதான். அவரே பிள்ளைகளிடம் அந்தக் கடைசி வீட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னவர்.

மாறியது ஒரு ஒலிபெருக்கியால். ஒரு வருஷம் திருவிழாவுக்கு முன்னால் கோயில் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. டவுனிலிருந்து ஆள் வரவில்லை. செல்வம் ஊரில் எலெக்ட்ரிக் வேலை பார்த்தவர். கேட்காமலே வந்து, கழற்றி, பூட்டி, பாட்டு வரவைத்துவிட்டுப் போய்விட்டார். எதிர்மலையில் தக்காளி போடுகிற சீன முதலாளி தவுக்கேகூட ஆள் அனுப்பிக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாராம். கங்காணிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒத்தைக் காதுக்காரன் பூட்டுன ஸ்பீக்கர். அவனுக்குக் கேக்குற அளவுக்கு வெச்சிருக்கான், அதான் ஊரே கேக்குது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேலிதான். ஆனால் தோட்டத்தில் ஒருவரைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டால் அவர் உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

அந்தச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டும் என்று நாங்கள் பல வருஷம் கத்தியதில், கடைசியில் எம்.பி.க்கள் சிலர் கொண்ட குழு ஒன்று பாதிக்கப்பட்டவர்களை நேரில் கேட்கச் சம்மதித்தது. கோலாலம்பூரில், ஒரே ஒரு நாள். எறியப்பட்டவர்களின் மனைவிமார், தாய்மார் வரத் தயாராக இருந்தார்கள். ஆனால் லாக்கப்பில் நடந்ததைத் தன் பெயரில், தன் முகத்தோடு சொல்லச் சம்மதித்தவர் செல்வம் மட்டும். மற்றவர்களுக்குப் பயம், நியாயமான பயம். செல்வம் சொன்னார், "என்கிட்ட இன்னும் எடுத்துக்க என்ன இருக்குக்கா, இன்னொரு காதுதான் இருக்கு." அவர் ஒரு நாள் மாவட்டம் தாண்டிப் போய் வர போலீசிடம் அனுமதி வாங்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. அந்த அனுமதித் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு அவரை அழைத்துவர மலை ஏறினேன்.

லயத்துக்குள் நுழைந்ததும் வேப்பிலைத் தோரணம் தெரிந்தது. கேமரன் குளிரில் வேப்ப மரம் வராது, கீழேயிருந்து லோரியில் வரவழைத்திருக்கிறார்கள். செல்வம் கோயில் வாசலில் நின்றார், மஞ்சள் வேட்டியில். கையை அவர் மறைக்கவில்லை. வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய நூல்.

காப்புக் கட்டிவிட்டார்கள்.

உங்களில் சிலர் டவுனில் வளர்ந்தவர்கள், அதனால் சொல்கிறேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதிலிருந்து தீர்த்தவாரி முடியும்வரை ஊரார் வெளியூரில் தங்கக்கூடாது. பகலில் போனாலும் பொழுது சாயும்முன் வீடு வந்துவிட வேண்டும். கையில் காப்புக் கட்டியவர்களோ தோட்டத்து எல்லையையே தாண்டக்கூடாது. அது ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கு. தாண்டினால் அந்த வருஷம் மண் சரிந்தாலும் சரி, மாடு செத்தாலும் சரி, பழி அந்தக் கையின் மேல்தான். அந்த வருஷம் தீச்சட்டி ஏந்த செல்வத்தைக் கேட்டிருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஊர் அவரிடம் ஒன்றைக் கேட்டது. அதுமட்டும் இல்லை. தீச்சட்டி ஊர்வலம் எப்போதும் இருட்டிய பிறகுதான் கிளம்பும், நெருப்பு அப்போதுதான் அழகு. எட்டு மணிக்குள் செல்வம் வீட்டுக்குள் இருக்க வேண்டுமே என்று கங்காணி ஊர்வலத்தைச் சாயங்கால வெளிச்சத்துக்கு மாற்றியிருந்தார். "ஆத்தாவே இந்த வருசம் ஸ்டேசன் டைமுக்கு நடக்குறா" என்று லயத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. மாற்றியது மாற்றியதுதான்.

நாங்கள் எம்.பி.க்களின் நாளைப் பார்த்தோம், போலீசின் நாளைப் பார்த்தோம், பஸ் நேரம் பார்த்தோம். இதைப் பார்க்கவில்லை. கங்காணி அதைச் சொல்லாமல் விடவில்லை.

"பார்லிமெண்டுக்கு ஒரு காலண்டர் இருக்கு, சரி. ஆத்தாவுக்கும் ஒண்ணு இருக்குமேன்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தோணலையா லா? நீங்களும் தோட்டத்துப் பிள்ளைதானே."

"எங்க தோட்டத்தை வித்துட்டாங்க ஐயா. கோயில் இருந்த இடத்துல இப்ப காடி நிறுத்துறாங்க. காப்பெல்லாம் மறந்து போச்சு" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. மனுஷன் வாய்தான் முள், உள்ளே நல்ல பலாச்சுளை. பிறகு அவரே வழி சொன்னார். பூப்போட்டுப் பார்ப்போம். சிவப்பும் வெள்ளையும் தனித்தனியே பொட்டலம் கட்டி ஆத்தா காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. நூலை அவிழ்த்துக் காலடியில் வைத்துவிட்டுப் போய்ப் பேசிவிட்டு வரட்டும், வந்து மறுபடி கட்டிக்கொள்ளட்டும். ஊர் ஏதாவது சொன்னால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதைவிடப் பெரிய மனசு நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

எனக்கு உயிர் வந்தது. செல்வம்தான் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"வேணாங்க ஐயா."

"ஏம்ப்பா, பயமா?"

"கேட்டா விட்டுருவா ஐயா. அவ என்ன மினிஸ்டரா, புடிச்சு வெச்சுக்க? விட்டுட்டா அப்புறம் நான் போகணும்."

கங்காணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பூசாரியைத் தேடுவதுபோல நகர்ந்துவிட்டார். செல்வம் என் பக்கம் திரும்பினார், கேட்கிற காதை என் பக்கம் வைத்து.

"அக்கா, இந்த நாள்ல ராத்திரி யாரும் எங்கயும் போக மாட்டாங்க. கங்காணி சொன்னதுக்காக வங்காளப் பசங்ககூட பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குப் போறதில்ல. எட்டு மணிக்கு நான் கதவைச் சாத்தும்போது லயம் பூரா கதவைச் சாத்துது. நான் மட்டும் உள்ள, மத்தவங்க வெளிய, அது இந்த நாள்ல இல்ல. நடுவுல ஞாயித்துக்கிழமை வந்தாலும் எல்லாரும் இங்கதான் இருப்பாங்க. வருசம் பூரா நான் காப்புக் கட்டுனவன் மாதிரி கெடக்கேன். இப்ப ஊரே என்னை மாதிரி இருக்கு." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க வான்னு சொன்னா வந்துருவேன். எனக்காக அலைஞ்சவங்க நீங்க. ஆனா சொல்லாதீங்கக்கா."

தோட்டத்தில் கைப்பேசிக்கு லைன் கிடைக்கும் ஒரே இடம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வாசல். அங்கே போய்ப் பெரியவரை அழைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ அங்க இருக்க, நான் இங்க இருக்கேன். அவர் முகம் எனக்குத் தெரியலைம்மா. நீயே முடிவு பண்ணு" என்றார். வைத்துவிட்டார்.

என் நாக்கில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேர் தம்பி, அவங்களை நினைச்சுப் பாருங்க. அதைச் சொன்னால் அவர் வருவார். நூலை அவிழ்த்து வைத்துவிட்டு, முகம் சுளிக்காமல் வருவார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம். பொய்யைச் சொல்லி ஒருவரை இழுத்துப் போனால் பின்னால் வெட்கப்படலாம். உண்மையைச் சொல்லி இழுத்துப் போகிறவருக்கு வெட்கம்கூட வராது. நாட்டு நன்மைக்கு என்று சொல்லித்தான் ஒரு கை அவரை ஊரிலிருந்து பிடுங்கி இங்கே வைத்தது. இன்னொரு நன்மைக்கு என்று சொல்லி இங்கிருந்து பிடுங்கும் கை என்னுடையதாக இருக்க வேண்டுமா?

திரும்பிப் போய், "தீச்சட்டிக்குத் துணி கனமா சுத்திக்குங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

தாப்பாவுக்கு இறங்கும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலி. அவருக்காக நான் முன்பதிவு செய்திருந்த இருக்கை. வழியெல்லாம் என் கைப்பை அதில் உட்கார்ந்து வந்தது.

கோலாலம்பூரில் அவர் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் காதைப் பற்றி நான் சொல்லலாமா என்றால் கூடாதாம், அவரே வந்து சொன்னால்தான் குறித்துக்கொள்வார்களாம். சரி என்று ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். காப்பைப் பற்றிச் சொன்னேன். ஓர் உறுப்பினர், நல்ல மனிதர்தான், புரியாமல் கேட்டார்: அப்படியானால் அனுமதி இருந்தும் அவராகத்தான் வரவில்லையா?

"ஆமாங்க ஐயா. வரமாட்டேன்னு சொல்ல அவருக்கு ஒரு இடம் கெடைச்சிருக்கு. இத்தனை வருசத்துல இப்பத்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே நடைபாதையில் ஒரு தாய் நின்றார். மகனைக் கிழக்குக் கரைக்கு எறிந்திருந்தார்கள். செல்வம் வருகிறார், அவர் பேசினால் கதவு திறக்கும் என்று நான்தான் அந்த அம்மாளை நம்பவைத்து அழைத்து வந்திருந்தேன். என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "உங்க ஆளை ஆத்தா பார்த்துக்கிட்டா. என் பிள்ளையை யாரும்மா பார்ப்பா?"

அதற்குப் பதிலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், கேலிக்குச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் நேரடியாக யாரும் திட்டவில்லை. ஒரு மஞ்சள் நூலுக்காக ஒரு சட்டத்தையே விட்டுவிட்டார் என்று பேச்சு நடந்தது எனக்குத் தெரியும். கேன்டீனில் என் மேசைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பெரியவர் மட்டும் வந்து உட்காருவார், பேசாமல் சாப்பிடுவார், போவார். அந்த வருஷம் முடிவதற்குள் அவரும் நோயில் படுத்துவிட்டார். பிறகு நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

சட்டம் ரத்தானது. அந்த ஒரு நாள் கூட்டத்தால் ஆனதா, தெருவில் நின்றவர்களால் ஆனதா, தேர்தலால் ஆனதா என்று யாரும் சொல்ல முடியாது. சேவல்கள் எல்லாம் கூவின, விடிந்தது, யார் கூவி விடிந்தது என்று கேட்டால் என்ன சொல்வது. வானொலியில் கேட்டதும் மலைக்குக் கிளம்பினேன். செல்வம் சரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மேலே போக எனக்கு மூச்சு முட்டியது, அதனால் கீழேயிருந்தே கை காட்டி, இறங்கி வரச் சொல்லி, செய்தியைச் சொன்னேன். இனிமேல் அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அவர் வெட்டும் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னைக்கு என்ன கெழமைக்கா?"

புதன் என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழமை வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

அந்த ஞாயிறு காலையில் அவர் எல்லாரோடும் பஸ் ஏறினார். எந்தக் கல்யாணமும் இல்லை. தாப்பாவில் இறங்கி, ஒரு தே குடித்து, பேப்பர் வாங்கி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலப் பஸ்ஸில் எல்லாரோடும் மலை ஏறிவிட்டார். பெண்கள் கிண்டல் பண்ணித் தீர்த்தார்கள், தே குடிக்க இவ்வளவு தூரமா என்று. அடுத்த வாரம் ஊருக்குப் போனார். அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது. பலகை வீடு இருந்த அந்தச் சந்து முழுவதையும் இடித்துவிட்டார்கள். அடுத்த காப்புக்கு முன்னால் மலைக்கே திரும்பி வந்துவிட்டார். அந்தக் காதைப் பற்றி அவர் எந்த மேசை முன்னாலும் இதுவரை சொல்லவில்லை. அடித்தவர் பென்சனோடு இருக்கிறார் என்று கேள்வி. இதையும் சேர்த்துத்தான் நீங்கள் என் முடிவை எடை போட வேண்டும்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஒரு வாசலை மூடிவிட்டு இன்னொரு வாசலைத் திறந்தார்கள். வேறு பெயரில், வேறு சட்டத்தில் அதே எறிதல், அதே லாக்கப், கேட்க முடியாத அதே கேள்வி. இப்போது கணுக்காலில் ஒரு கறுப்பு வளையம் பூட்டி அனுப்புகிறார்கள், எல்லை தாண்டினால் அது போய்ச் சொல்லிக்கொடுக்குமாம். இதை ரத்து செய்யத்தான் உங்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அதே தோட்டத்து லயத்தில் அப்படி ஒருவர் இப்போது இருக்கிறார். அவருடைய கோப்பு உங்கள் மேசையில் இருக்கும்.

நான் ஓய்வு பெற்றுத் தாப்பாவிலேயே ஒரு வீடு எடுத்து இருக்கிறேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வம் இறங்கி வருவார், சேர்ந்து பசியாறுவோம், அவர் மலைக் கதைகளைச் சொல்வார். ரொம்ப காலம் அப்படி நடந்தது. கொஞ்ச நாளாக அவர் வருவதில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கங்காணியின் மகனிடம் விசாரித்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தால் எல்லாரையும் ஏற்றிவிட்டு, செல்வம் லயத்துக்குத் திரும்பி நடந்துவிடுகிறாராம்.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் மலைக்குப் போவதானால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். போகும்முன் காப்பு எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வீட்டு வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் காலில் வளையம் இருக்கும். இன்னொருவர் இடது பக்கம் சுவர் இருக்கும். அவர் வலது பக்கமாகப் போய் உட்காருங்கள்.